மாநகர சபையின் வேலைப் பகுதி



மாநகர சபை என்றதும் நம்மிற் பெரும்பாலோர்க்கு உடனே நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று சோலைவரிச் சீட்டு. மற்றொன்று வீட்டு வாயிலில் உள்ள பள்ளம். முன்னையதை நாம் சபைக்குக் கொடுக்கிறோம், பின்னையதைச் சபை நமக்குத் தருகிறது என்று வேடிக்கையாகச் சொல்வாருமுளர். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது வேலைப் பகுதி. பொறியியற் பகுதி என்றும் அதனை வழங்குவர். அதன் கடமைகளைப் பற்றியே இன்று சில கூற விழைகின்றேன்.

யான் பொறியியல் கற்றவனல்லன். கலைப் பட்டம் பெற்று, வரலாறும் குடியியலும் கற்பித்துப் பின்னர் அதிபரானவன். எனினும், உள்ளூராட்சி என்னும் பாடத்தை நடத்திய ஆண்டுகளிலெல்லாம் மாணவரிடமிருந்து ஒரே வினா தவறாமல் எழுந்ததுண்டு. “ஐயா, எங்கள் ஒழுங்கையில் மழைத்தண்ணீர் நிற்கிறது. அது யாருடைய வேலை?” என்பதே அவ்வினா. பாடநூலில் அதற்கு விடை ஒரு வரியில் உண்டு. நகரத்திலோ அவ்விடை அத்துணை எளிதாக இல்லை.

முதலிற் சட்டத்தைப் பார்ப்போம். கொழும்பு மாநகர சபை 1865 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் வழியே தோன்றியது. இன்று நம் மாநகர சபைகளை ஆள்வது 1947 ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டமும் அதற்குப் பின்வந்த திருத்தங்களுமாம். பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள் ஆகிய மூன்றையும் நடத்துவதும், மக்களின் வசதியையும் நலனையும் பேணுவதும் சபையின் பொறுப்பு என்று அச்சட்டம் கூறுகிறது. இம்மூன்றனுள் எதனை எடுத்தாலும் அதன் அடியில் ஒரு குழாயோ, ஒரு வாய்க்காலோ, கல்லும் தாரும் இட்ட ஒரு பரப்போ இருத்தலைக் காணலாம். அவற்றை அமைப்பதும் காப்பதும் வேலைப் பகுதியின் தொழில்.

கொழும்பின் கதை இதனை நன்கு விளக்கும். 1886 ஆம் ஆண்டில் லபுகமை நீர்த்தேக்கத்திலிருந்து நகருக்குக் குழாய்வழி நீர் வந்தது. அதுவரை கிணற்றில் அள்ளிய நீரைச் சிக்கனமாகப் புழங்கிய மக்கள், குழாயைத் திருகியவுடன் நீர் கொட்டக் கண்டனர். மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் உள்ளே வந்த நீர் வெளியே போக வேண்டுமன்றோ? குளித்த நீர், சமையலறை நீர், மலசலகூட நீர் எல்லாம் திறந்த கான்களிலும் மண்ணிலும் தேங்கின. நீர் வழங்கல் தீர்த்துவைத்த துன்பத்தினின்றே மற்றொரு துன்பம் பிறந்தது. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி இந்நகரில் இடப்பட்டதற்கு இதுவே காரணம். 1914 ஆம் ஆண்டில் கொள்ளைநோய் கொழும்பிற் புகுந்தபோது, நெருக்கமான வீடுகளும் வெளிச்சமும் காற்றும் புகாத சந்துகளும் அழுக்குக் கான்களும் எத்துணைப் பேராபத்து என்பதை நகரம் நேரிற் கண்டது. அக்காலம் முதற்கொண்டு மருத்துவரும் பொறியியலாளரும் நகரசுகாதாரத்தில் இருகரம் போல இயங்கவேண்டியவராயினர். யான் சொல்லுவேன், வாந்திபேதியை நகரங்களினின்று விரட்டியதில் மருந்துப் புட்டிக்குள்ள பங்கிலும் நிலத்தடிக் குழாய்க்குள்ள பங்கு பெரிது. குழாய்க்குச் சிலை வைப்பார் எவருமில்லை.

இக்கழிவுநீர்க் குழாய் எங்ஙனம் இயங்குகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லுதல் தகும். ஏனெனில் அதனைக் கெடுப்பவர்கள் பெரும்பாலும் அறியாமையாலேயே கெடுக்கின்றனர். வீட்டினின்று புறப்படும் கழிவுநீர் பெரும்பகுதி தூரம் தன் எடையினாலேயே பள்ளம் நோக்கி ஓடுகிறது. குழாயின் சரிவு மிகக் குறைந்தால் நீர் மெதுவாகச் செல்லும். மணலும் அழுக்கும் அடியிற் படியும். விநாடிக்கு ஏறத்தாழ 2 அடி வேகமேனும் இருந்தாற்றான் குழாய் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் என்பது பொறியியலாளர் வகுத்த கணக்கு. கொழும்போ தட்டையான நிலம். சரிவு வேண்டிக் குழாயை ஆழமாக இறக்கிக்கொண்டே போனால் ஓரிடத்தில் அது கடல் மட்டத்துக்கும் கீழே போய்விடும். ஆகவே இடையிடையே நீரேற்று நிலையங்கள் அமைத்து, கழிவுநீரை மேலே தூக்கி, மீண்டும் ஓடவிடுகின்றனர். இறுதியில் வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் உள்ள நீண்ட குழாய்கள் அதனைக் கடலுக்குட் கொண்டு செல்கின்றன. நீரேற்று நிலையமொன்று சில மணிநேரம் நின்றாற் போதும், மேற்பக்கத்து வீதிகளில் ஆள்நுழை வாயிலின் மூடியைத் தூக்கிக்கொண்டு அழுக்கு வெளிவரும்.

இத்தொகுதி கழிவுநீருக்கு மட்டுமே உரியது. மழைநீருக்கு வேறு கான்கள் உண்டு. இரண்டையும் கலத்தலாகாது. ஆயினும் நடப்பது யாது? கூரையிலும் முற்றத்திலும் விழும் மழைநீரை அயலிலுள்ள கழிவுநீர்க் குழாயிற் களவாக இணைத்துவிடுவோர் பலர். வெயிற்காலத்தில் இக்குற்றம் வெளித்தெரியாது. பெருமழை பெய்தவுடன் குழாய் தன் கொள்ளளவைக் கடந்து, பள்ளத்தில் உள்ள ஏழையின் வீட்டுக்குள் எதிர்த்துப் பாய்கிறது. மேட்டிலுள்ளவர் செய்த வசதிக்குப் பள்ளத்திலுள்ளவர் விலை கொடுக்கிறார். உணவுச்சாலைகள் ஊற்றும் கொழுப்பும் எண்ணெயும் குழாயின் உட்சுவரிற் கட்டியாகிப் படிவதும் இத்தகையதே. இதன் பின்னரே, “மாநகர சபை என்ன செய்கிறது?” என்ற கூக்குரல் எழுகிறது.

மழைநீரின் செய்தி வேறு. கொழும்பு நகரின் பரப்பு சுமார் 37 சதுர கிலோமீற்றர். 2012 ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி ஐந்தரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதனுள் வாழ்ந்தனர். பகலில் தொழிலுக்கும் கல்விக்கும் வந்து போவோர் அதன்மேலும் பல இலட்சம். நகரின் தாழ்ந்த பகுதிகள் களனி கங்கையின் வெள்ள மட்டத்துக்குக் கீழே கிடக்கின்றன. கங்கை பெருகும்போது அணைக்கதவுகளை அடைக்க வேண்டும். அடைத்தால் நகருக்குள் விழுந்த மழை வெளியேற வழி குறுகும். இடைக்காலத்தில் அந்நீர் தங்குவதற்காக இயற்கை அளித்தவை சதுப்பு நிலங்கள். அவற்றிலே மண் நிரப்பி நாம் வீடு கட்டினோம்; களஞ்சியம் கட்டினோம்; அலுவலகமும் கட்டினோம். பின்பு நீரைப் பார்த்து, “நீ ஏன் என் வீட்டுக்குள் வந்தாய்?” என்று கேட்கிறோம். அது முன்னிருந்த இடத்துக்கே வந்திருக்கிறது.

1992 ஆம் ஆண்டு ஜூன் 4 ஆந் திகதி கொழும்பில் ஒரே நாளிற் பெய்த மழை ஏறத்தாழ 490 மில்லிமீற்றர். 2010 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மீண்டும் ஓரிரவில் 400 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை கொட்டிற்று. பாராளுமன்றத்தைச் சூழ்ந்தும் வெள்ளம் நின்றது. இத்துணை மழையை எந்த நகரத்தின் கானும் உடனே விழுங்காது என்பது உண்மையே. எனினும், மழை விட்டபின் நீர் ஆறு மணித்தியாலத்தில் வடிகிறதா, மூன்று நாளில் வடிகிறதா என்பது கானின் நிலையைப் பொறுத்தது. அந்த வேறுபாட்டிலேதான் ஒரு தொழிலாளியின் மூன்று நாட் கூலியும், ஒரு குழந்தையின் புத்தகங்களும், சில வேளைகளில் ஓர் உயிரும் அடங்கியுள்ளன. ஐப்பசி மழை தொடங்குமுன் புரட்டாதியில் மண் அள்ளிய கான் வேறு; மழை தொடங்கிய பின் அள்ள முற்பட்ட கான் வேறு. அள்ளிய மண்ணைக் கான் ஓரத்திலேயே குவித்துவிட்டு, அடுத்த மழையில் அது மீண்டும் உள்ளே போவதைக் காண்பதும் நம் நாட்டில் அரிதன்று.

யாழ்ப்பாணத்து நேயர்கள், இஃதெல்லாம் கொழும்பின் கதை என்று எண்ணவேண்டாம். 1949 இல் மாநகரமான யாழ்ப்பாணத்தில் நிலத்தடி சுண்ணாம்புக் கல். அங்கே கொழும்பைப் போன்ற கழிவுநீர்க் குழாய்த் தொகுதி அமையவில்லை. வீடுதோறும் மலக்குழி, வீடுதோறும் கிணறு. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடாகக் குழியின் நீர் கிணற்றை அடைவதற்கு அதிக காலம் எடாது. ஆரியகுளம், புல்லுக்குளம் முதலிய குளங்களை முன்னோர் அழகுக்காக விட்டுவைத்தாரல்லர். மழைநீரை ஏற்று, மெல்ல நிலத்துள் இறக்கி, கிணறுகளை ஊட்டுவன அவை. குளத்தைச் சுற்றி மதிலும் இருக்கையும் விளக்கும் அமைத்துவிட்டு, குளத்துக்கு வரும் வாய்க்காலை அடைத்துவிட்டால், நாம் அமைத்தது குளமன்று. ஒரு பெரிய தொட்டி. வாய்க்காலைத் தேடித் திறப்பதே அங்குள்ள வேலைப் பகுதியின் தலையாய கடமை என்பது என் துணிபு.

வீதிகளைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. அவற்றைப் பற்றி எல்லாரும் நன்றாகவே பேசுகிறோம். ஒன்று மட்டும் சொல்லுவேன். வீதியைக் கெடுப்பது வண்டி மட்டுமன்று, நீரும் கூட. தார்ப்பரப்பில் மயிரிழை போன்ற வெடிப்பு விழுகிறது. அதனூடு நீர் இறங்கி அடியிலுள்ள கல்லையும் மண்ணையும் நெகிழ்த்துகிறது. மேலே பாரவண்டி செல்ல, தார் உடைந்து பள்ளமாகிறது. வெடிப்பை உரிய காலத்தில் அடைப்பதற்கு ஒரு வாளித் தாரும் இரண்டு ஆட்களும் போதும். காலந் தாழ்த்தினால் வீதியையே கிளறிப் புதிதாக இடவேண்டும். இதை எல்லாப் பொறியியலாளரும் அறிவர். வரவு செலவுத் திட்டம் மட்டும் அறிவதில்லை.

அதிலும் ஒரு வேடிக்கையுண்டு. யான் முன்னர் பணியாற்றிய ஒரு நகரில், பாடசாலைக்கு முன்னுள்ள வீதி பல ஆண்டு விண்ணப்பத்தின்பின் அழகாகத் தாரிடப்பட்டது. மூன்று மாதம் செல்லவில்லை. குழாய் புதைக்கவென மற்றொரு நிறுவனத்தார் வந்து நடுவே நீளக் கிண்டினர். கிண்டியதை மண்ணால் மூடிச் சென்றனர். மாரியில் அம்மண் தாழ்ந்து, துவிச்சக்கர வண்டியில் வந்த மாணவி ஒருத்தி விழுந்து கை முறிந்தாள். சபையிடம் கேட்டால் குழாய்க்காரரைக் கேள் என்றது. குழாய்க்காரரிடம் கேட்டால், செப்பனிடும் பணத்தைச் சபைக்குக் கட்டிவிட்டோம் என்றனர். இருசாரார் கூறியதும் மெய்யே. மாணவியின் கைதான் இடையில் முறிந்தது.

இனி அம்மாணவனுடைய வினாவுக்கு வருவோம். ஒழுங்கையில் நிற்கும் நீர் யாருடைய வேலை? கொழும்பை எடுத்துக்கொண்டால், காலி வீதி போன்ற பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியன. குடிநீர்க் குழாய் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்குரியது. தெமட்டகொடை, கிருலப்பனை, வெள்ளவத்தைப் பக்கங்களிலுள்ள பெரிய வாய்க்கால்களை, தாழ்நில மேம்பாட்டுக்கென அமைந்த கூட்டுத்தாபனம் பராமரிக்கிறது. மின்கம்பம் மின்சாரம் வழங்கும் நிறுவனத்தினது. ஒழுங்கைகளும், உட்கான்களும், கழிவுநீர்க் குழாயும், குப்பையும் மாநகர சபையின் பொறுப்பில் நிற்கின்றன. ஒழுங்கையின் கான் துப்புரவாகவே இருக்கலாம். அது சென்று சேரும் வாய்க்கால் நீர்த்தாவரத்தால் அடைபட்டிருந்தால் நீர் நிற்கத்தான் செய்யும். நீருக்கோ இந்த எல்லைகள் தெரியா. மழைநாளில் இந்நிறுவனங்களின் அலுவலர் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒரே வரைபடத்தைப் பார்க்கவேண்டும். மழைநாளில் மட்டும் அமர்ந்தால் போதாது, கோடையிலும் அமரவேண்டும். ஒவ்வொரு வட்டாரத்திலும், “இங்கு நிற்கும் நீருக்கு நான் பொறுப்பு” என்று சொல்லக்கூடிய ஒரு பொறியியலாளரின் பெயர் பலகையில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது என் விருப்பம். அவர் பிறர் நிறுவனத்தின் வேலையைத் தாமே செய்யவேண்டியதில்லை. செய்விக்கும் வரை தொடர்ந்தால் போதும்.

பொறுப்பு இன்னாரிடம் என்று தெளிவாக இல்லாதவிடத்து நேரும் கேடு சிறிதன்று. கொழும்பின் குப்பை நகர எல்லைக்கு வெளியே கொலன்னாவைப் பக்கத்து மீதொட்டமுல்லையில் ஆண்டுக்கணக்காகக் குவிக்கப்பட்டது. அயலிலுள்ளோர் முறையிட்டனர், வழக்கும் நடந்தது. 2017 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 ஆந் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளன்று, அக்குப்பை மலை சரிந்து வீடுகளை மூடிற்று. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பண்டிகைக்கென வீட்டிற் கூடியிருந்தவர்கள் அவர்கள். அவர்களை மூடிய குப்பை அவர்கள் போட்டதன்று. அதிற் பெரும்பகுதி நாம் வாயிலில் வைத்துவிட்டு மறந்தது. குப்பையை வீட்டு வாயிலினின்று அகற்றுவதோடு கடமை முடிந்ததென நெடுங்காலம் கருதினோம். அது போய்ச் சேரும் இடம், அவ்விடத்தின் மண், சரிவு, அதனுள் ஊறும் நீர் ஆகியவற்றைக் கணக்கிடுதலும் வேலைப் பகுதியின் தொழிலே என்பதை அந்நாள் உணர்த்திற்று. மக்கும் குப்பையையும் மக்காததையும் பிரித்து வைக்கும்படி அதன்பின் வற்புறுத்தப்பட்டது. 2021 இல் கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து மின் ஆக்கும் நிலையமும் இயங்கத் தொடங்கிற்று.

மரங்களையும் இவ்விடத்திற் சொல்லவேண்டும். கொழும்பின் வீதியோர மரங்கள் இந்நகருக்கு ஓர் அணி. 1921 இல் நகரத் திட்டம் வகுக்க வந்த பற்றிக் கெடிஸ் என்னும் அறிஞர் இதனைப் பூங்கா நகராகவே கண்டார். ஆனால் நிழல் தரும் மரத்துக்கும் வயதுண்டு. சுற்றிலும் கொங்கிறீற்று இட்டு, ஒருபக்க வேரைக் கானுக்காக வெட்டினால், மேலே பச்சையாகத் தோன்றும் மரம் கீழே பிடிப்பற்று நிற்கும். 2023 ஆம் ஆண்டு ஒக்டோபர் 6 ஆந் திகதி காலை கொள்ளுப்பிட்டியில் ஓடும் பேருந்தின்மேல் பெருமரமொன்று விழுந்து ஐவர் உயிரிழந்தனர். அதற்காக எல்லா மரங்களையும் வெட்டுக என்பார் கூற்று அறிவுடையதன்று. மரந்தோறும் எண்ணிட்டு, ஆண்டுதோறும் வேரையும் தண்டையும் அறிந்தவர் பார்த்துக் குறிப்பெழுதுதலே வேண்டுவது. பற்பரிசோதனை செய்யும் மருத்துவர், பல்லையெல்லாம் பிடுங்கிவிடுவதில்லையே.

இவ்வேலைகளையெல்லாம் செய்வோர் யாவர்? திட்டம் வகுப்போரைப் பற்றிப் பேசுகிறோம். கானில் இறங்குவோரைப் பற்றிப் பேசுவதில்லை. பிரித்தானியர் காலத்தில் நகரத் துப்புரவுத் தொழிலுக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் கொண்டுவரப்பட்டன. கொழும்பின் லயன் வீடுகளிலும் கண்டியின் மகியாவையிலும் அவர்தம் வழித்தோன்றல்கள் வாழ்ந்து வருகின்றனர். நகரத்தைச் சுத்தமாக வைத்திருந்தவர்களுக்கு நகரம் கொடுத்த இடம், பெரும்பாலும் காற்றும் இடமும் குறைந்த ஓர் அறை. நம் சமூகம் அதன்மேலே சாதி என்னும் இழிவையும் ஏற்றிற்று. பாடசாலைச் சேர்வுப் படிவத்தில் “தந்தையின் தொழில்” என்ற இடத்தை வெறுமையாக விட்ட பிள்ளைகளை யான் கண்டிருக்கின்றேன். “மாநகர சபை” என்று மட்டும் எழுதி, மேலே ஒன்றும் எழுதாது நின்ற பிள்ளைகளும் உளர். அப்பிள்ளைகளின் தந்தையர் ஒரு வாரம் வேலைக்கு வராவிட்டால், படிவத்தைப் பரிசோதிக்கும் நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வரவேண்டியிருக்கும்.

கழிவுநீர்க் குழியினுள் தேங்கும் அழுகல் வாயுவைப் பற்றியும் ஒரு சொல். அது காற்றினும் கனமானது. குழியின் அடியிலே தங்கும். சிறிதளவாயின் அழுகிய முட்டை நாற்றம் வீசும். மிகுதியாயின் மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். ஆகவே நாற்றமில்லை என்று நம்பி இறங்கியவன் உயிர் துறக்கிறான். அவனைத் தூக்க இறங்கிய இரண்டாமவனும் துறக்கிறான். நம் அயல்நாடாகிய இந்தியாவில், பாதுகாப்பின்றி ஒருவரைக் குழியில் இறக்குதல் 2013 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டது. சட்டத்துக்குப் பின்னரும் சாவுகள் நிகழ்ந்தன. இறங்குமுன் மூடியைத் திறந்து காற்றோட விடுதல், வாயுவை அளக்கும் கருவி, இடுப்பில் கயிறு, மேலே கண்காணிக்கும் ஆள், முகக்கவசம் ஆகியவை சலுகைகளல்ல. இவையின்றி இறங்கு என்று கட்டளையிடும் மேற்பார்வையாளர், எத்துணை அவசரமாயினும், ஓர் உயிரைப் பணயம் வைக்கிறார். இயந்திரத்தால் உறிஞ்சக்கூடிய இடத்தில் மனிதனை இறக்குதல் சிக்கனமாகாது.

இதே வாயு குழாயையும் தின்னும். குழாயின் மேற்புறத்து ஈரத்தில் அது அமிலமாக மாறி, கொங்கிறீற்றை அரித்துக்கொண்டே போகும். மேலே வீதி நன்றாகத் தோன்றும். ஒருநாள் திடீரென உள்வாங்கும். நூறாண்டு கண்ட குழாய்களுக்குப் புதுக் குழாய் இடுவதும், பழையதன் உட்புறத்துக்குப் பூச்சு இடுவதும் இக்காரணத்தாலேயாம். இவ்வேலைக்குப் பெரும் பணம் வேண்டும். ஆனால் திறப்பு விழா இல்லை, நாடா வெட்டுவதற்கில்லை, பெயர் பொறித்த கல்லை எங்கே நாட்டுவது? புதுக் கட்டடத்துக்கு வாக்களிக்கும் சபையினர் பழைய குழாய்க்கு வாக்களிக்கத் தயங்குவதன் மருமம் இதுவே. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் கட்டுமான வேலைகள் நின்றபோது, முன்னரே பேணப்பட்டவை தாங்கின. பேணாது விடப்பட்டவை முதலிற் சீர்குலைந்தன.

நேயர்களுக்கு ஒரு சிறு விண்ணப்பம். சபைக்கு முறைப்பாடு எழுதும்போது, “எங்கள் பகுதி மிக மோசமாக உள்ளது, உடன் நடவடிக்கை எடுக்கவும்” என்று எழுதாதீர்கள். யான் உயர்வகுப்பு மாணவருக்குக் கடிதப் பயிற்சியாகக் கொடுப்பது இதுவே: வீதியின் பெயர், அண்மையிலுள்ள விளக்குக் கம்பத்தின் இலக்கம், நீர் நின்ற நாளும் நேரமும், எத்தனை அங்குலம் நின்றது, எத்தனை மணித்தியாலத்தில் வடிந்தது, கானின் எந்த மூடி உடைந்துள்ளது. இவற்றைக் கண்டு எழுதிப் பிரதியொன்றை வைத்துக்கொள்ளவேண்டும். பதில் வராவிடின் முதற் கடிதத்தின் திகதியைக் குறிப்பிட்டு இரண்டாவதை எழுதவேண்டும். சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பு மாணவர் இவ்வாறு எழுதிய கடிதங்கள் பதினொன்று. நான்கிற்குப் பதில் வந்தது. இரண்டு இடங்களில் மூடி மாற்றப்பட்டது. எஞ்சிய ஏழுக்கும் இந்தத் தவணையில் இரண்டாம் கடிதம் எழுதுகின்றனர்.